வராதவர் பட்டியல்

அந்தக் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவு என்று ஒன்று இருப்பதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பஸ் பாஸில் முத்திரை குத்தும் இடம் என்றுதான் நினைத்திருந்தார்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பீரோ, ஒரு சொர்ணலட்சுமி. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஜூன் மாதம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மெசேஜ் அனுப்பும் வித்தை வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவர் ஸ்ரீராம்குமார். நிர்வாகக் குடும்பத்து மருமகன், மாணவர் நலத்துக்குப் பொறுப்பாளர், முப்பத்திரண்டு வயது. புதுசாக எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கிப் பார்த்துவிடுவார். அதற்கு முன்புதான் கல்லூரி பெயரில் ஆர்குட்டில் ஒரு பக்கம் திறந்து, பிள்ளைகள் மனம்விட்டுப் பேசட்டும் என்றார். பிள்ளைகள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்கள். நாலாவது நாள் பக்கத்தை மூடிவிட்டு, "இனிமே நாம பேசுவோம் மேடம், அவங்க கேக்கட்டும்" என்று இந்த மெசேஜுக்கு வந்தார்.

வேலை சுலபம்தான். முதல் மணி முடிந்ததும் வகுப்புவாரியாக வராதவர் பட்டியல் வரும். சொர்ணலட்சுமி எண்களைத் தட்டி, பதினோரு மணிக்கு ஒரு பொத்தானை அமுக்கினால், 'அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்று கல்லூரிக்கு வரவில்லை' என்று ஆங்கிலத்தில் நாற்பது ஐம்பது வீடுகளுக்குப் பறக்கும். பறக்கும் என்று ஸ்ரீராம்குமார் நம்பினார். பிள்ளைகளா ஏமாறுகிற ஆட்கள்? விண்ணப்பத்தில் பெற்றோர் எண் என்ற இடத்தில் பாதிப் பேர் சொந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வகுப்பைக் கட் அடித்துவிட்டுத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனின் பையிலேயே டிங் என்று மணி அடிக்கும். தனக்குத் தானே தகப்பனாகி அதைப் படித்துவிட்டு, தன்னைத் தானே மன்னித்துவிட்டு, இடைவேளையில் முறுக்கு வாங்கித் தின்பான்.

சொர்ணலட்சுமிக்கு இது தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பெயர்களைத் தட்டுவது பிடித்திருந்தது. முப்பத்தொன்பது வயது, கல்யாணமாகிப் பதினாலு வருஷம். கணவர் மிளகாய் வத்தல் மண்டியில் வேலை பார்த்தார், நல்ல மனிதர், வீட்டில் அதிகம் பேச்சில்லை. முன்பெல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "எத்தனை பிள்ளைக?" என்று நாலு பேராவது கேட்பார்கள். இப்போது கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்டபோது வலித்ததைவிட, கேட்காமல் விட்டது அதிகமாக வலித்தது.

செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலையிலேயே வானம் கறுத்து, பத்து மணிக்கெல்லாம் இடி இறங்கத் தொடங்கிவிட்டது. பதினொன்றேகாலுக்கு ஒரு பெண் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே அறை வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. மழையில் நனைந்தும் போகவில்லை. வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"டீச்சர், நான் நாரணாபுரம். முருகம்மாள். எம் மவன் முனியராஜு இங்கன கம்ப்யூட்டர் படிக்கான், மூணாவது வருசம். அவன் வாரானா டீச்சர்?"

வருகிறானா என்று அம்மாவே கேட்டால்? சொர்ணலட்சுமி உட்காரச் சொன்னாள். முருகம்மாள் உட்காரவில்லை, நாற்காலியில் பொடி ஒட்டிவிடும் என்றாள். சொர்ணலட்சுமி கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? ஆகஸ்ட் எட்டாம் தேதியிலிருந்து அவன் வரவே இல்லையே. தினமும் உங்க போனுக்கு மெசேஜ் போகுதே, பாக்கலையா?"

"எங்கிட்ட ஏது டீச்சர் போனு?"

கம்ப்யூட்டரில் இருந்த எண்ணைச் சொர்ணலட்சுமி வாசித்தாள். முருகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அது அவன் நம்பரு" என்றாள். "சாயங்காலம் சாயங்காலம் ஒத்த ரூவா போட்டுக் கூப்புடுவேன். அணைச்சே கெடக்கு. அந்த நம்பரு எனக்கு மனப்பாடம்."

நடந்தது இதுதான். ஆகஸ்ட் முதல் வாரம் பரீட்சை முடிவு இன்டர்நெட்டில் வந்தது. பாஸ் என்று சொல்லி, பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு தாளை மகன் அம்மா கையில் கொடுத்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவளும் நம்பிவிட்டாள். அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் தான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். போர்மேன் தாளை வாங்கி வாசித்துப் பார்த்தார். ஆறு பேப்பரில் பெயில். அவர் மெதுவாகத்தான் சொன்னாராம். ஆனாலும் அத்தனை பேர் வாயிலும் பால்கோவா இருந்தது.

"வீட்டுக்கு வந்து, வாயிக்கு வந்ததெல்லாம் பேசிப்புட்டேன் டீச்சர். எம் மூஞ்சில முழிக்காத, எங்கனயும் போயிருன்னேன். அவுக அப்பா லோடு லாரியில வடக்க போயிருந்தாக. மறிக்க ஆளில்ல. போயிட்டான். கூட்டாளி ரூம்புல கெடப்பான், படிப்பை விட மாட்டான்னு நெனச்சேன். இன்னைக்கு இடி விழுகுது, மருந்து பத்திக்கிரும்னு கம்பெனியில அனுப்பிவிட்டாக. அதான் வந்தேன்."

சொர்ணலட்சுமி திரையில் முனியராஜ் என்ற பெயரைப் பார்த்தாள். ஒன்றரை மாதமாகத் தினமும் அந்தப் பெயரைத் தட்டியிருக்கிறாள். ஒரு நாள்கூட, யார் இவன், ஏன் வரவில்லை என்று யோசித்ததில்லை. அக்டோபர் பதினைந்தாம் தேதி பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அதற்குள் அவன் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்றாம் வருஷத்தோடு படிப்பு போச்சு. அதை அவள் முருகம்மாளிடம் சொல்லியே ஆகவேண்டியிருந்தது, சொன்னாள்.

பிறகு, ஏதாவது தெரியுமா என்று கம்ப்யூட்டரில் தேடினாள். ஒவ்வொரு மெசேஜுக்கும் எதிரே இரண்டு நேரம் காட்டும். ஒன்று நாம் அனுப்பிய நேரம், இன்னொன்று அந்த போனில் போய்ச் சேர்ந்த நேரம். போன் அணைந்து கிடந்தால் மெசேஜ் காத்திருக்கும், திறந்ததும் போய்ச் சேரும். முனியராஜுக்குப் போன எல்லாமே பதினோரு மணிக்கு அனுப்பியவை. எல்லாமே ஒரு மணி ஐந்து, ஒரு மணி ஆறு என்றுதான் சேர்ந்திருந்தன.

"மத்தியானம் ஒரு மணிக்குத்தான் போனைத் திறக்குறான் அக்கா. தினமும்."

முருகம்மாளின் முகம் மாறியது. "எல்லா நாளுமா? எங்கனயாச்சும் வித்தியாசமா இருக்கான்னு பாருங்க டீச்சர்."

மூன்று நாட்கள் வித்தியாசமாக இருந்தன. செப்டம்பர் ஐந்து, பன்னிரண்டு, பதினாறு. அந்த நாட்களில் பதினோரு மணி மெசேஜ் பதினோரு மணிக்கே சேர்ந்திருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

"அஞ்சாந்தேதி வெள்ளிக்கிழமையா? அடுத்த வெள்ளியும், அதுக்கடுத்த செவ்வாயுமா?" முருகம்மாள் விரலை மடக்கினாள். மூன்று நாளும் அவளுக்கு அரை நாள் சம்பளம், அதனால் மறக்கவில்லை. "மூணு நாளும் இடி விழுந்துச்சு டீச்சர். எல்லாப் பட்டாசுக் கம்பெனியையும் நிப்பாட்டி ஆளுகளை வெளிய விட்டாக. உள்ள போனு கொண்டு போகக்கூடாது. கேட்டுல வாட்ச்மேன்ட்ட அணைச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும். சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குத் தருவாக."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொர்ணலட்சுமிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. முனியராஜ் திருப்பூருக்கும் போகவில்லை, சென்னைக்கும் போகவில்லை. இதே மழை பெய்கிற இடத்தில், ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை பார்க்கிறான். எந்தப் பொடி அவன் கையில் படக்கூடாது என்று அம்மா பதினேழு வருஷமாக அதே பொடியில் கிடந்தாளோ, அதில்.

சொர்ணலட்சுமி அந்த எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. "ஹலோ, காலேஜ்லேருந்து" என்றதும் கட் ஆனது. மறுபடி கூப்பிட்டாள். அணைத்துவிட்டான்.

"அக்கா, போன் பண்ணினா பயப்படுறான். சிம்மை மாத்திட்டான்னா நமக்கு இருக்கிற ஒரே வழியும் போயிரும். மெசேஜே அனுப்புவோம். அதைத்தான் படிக்கிறான். என்ன சொல்லணும்? வீட்டுக்கு வான்னு போடட்டுமா?"

முருகம்மாள் தன் கையிலிருந்த பொடியை விரலால் தேய்த்தாள். "வான்னு சொல்ல எனக்கு வாயி ஏது டீச்சர்? போன்னு சொன்னவளே நான்தான" என்றாள். பிறகு சொன்னாள்: "கையை நல்லாக் கழுவிட்டுச் சோத்துல கை வைக்கச் சொல்லுங்க. சோப்புப் போட்டு. நகக்கண்ணுல நிக்கும் பொடி. புதுசா வேலைக்கு வாரதுகளுக்கு அது தெரியாது."

சொர்ணலட்சுமி அதை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தாள். அந்தக் காலத்து போனில் தமிழெழுத்து வராது. அடியில் 'அம்மா' என்று போட்டு அனுப்பினாள். மழை விட்டதும் முருகம்மாள் பஸ் ஏறிப் போனாள். ஒரு மணி ஏழுக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. கம்பெனி உண்டு, முருகம்மாள் வர வழியில்லை. பதினோரு மணிக்கு வராதவர் பட்டியலில் முனியராஜ் பெயரும் இருந்தது. பொத்தானை அமுக்கினால் 'அன்புள்ள பெற்றோரே' என்று போய்விடும். நேற்று அம்மா கையைக் கழுவச் சொன்ன பிள்ளைக்கு இன்றைக்கு அதையா அனுப்புவது? அவள் அந்த ஒரு பெயரை மட்டும் தனியாக எடுத்து, வேறு எழுதினாள். முனியா, ராத்திரி எங்கே படுக்கிறாய், கொசு கடிக்கிறதா. அம்மா.

இது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்தவள் பெயரில், அடுத்தவள் பிள்ளைக்கு. ஆனால் ஒரு மணி ஐந்துக்கு 'சேர்ந்தது' என்று திரையில் விழுந்தபோது அவள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கேயோ ஒரு மரத்தடியில் ஒரு பையன் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் எழுதியதைப் படிக்கிறான். பதினாலு வருஷத்தில் அப்படி யாரும் அவளை அம்மா என்ற பெயரில் படித்ததில்லை.

அப்புறம் தினமும் எழுதினாள். காலையில் விருதுநகரில் பஸ் ஏறும்போதே இன்றைக்கு என்ன எழுதலாம் என்று மனசு வார்த்தை கூட்டிக்கொண்டே வரும். ஒரு மெசேஜுக்கு நூற்று அறுபது எழுத்துதான். அதற்குள் எத்தனையைச் சொல்ல முடியும்? தேர்வுப் பட்டியலைப் பற்றியும் எழுதினாள், மற்றதைப் பற்றியும் எழுதினாள். பதில் வராது. கல்லூரி பெயரில் போகிற மெசேஜுக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது; அப்படித்தான் அந்த வித்தையைச் செய்திருந்தார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'சேர்ந்தது' என்ற எழுத்துக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சோறு ஆறிப்போகும்.

மாதக் கடைசியில் ஸ்ரீராம்குமார் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு நம்பருக்கு மட்டும் என்ன மேடம் தனித்தனியா?" என்று கேட்டார். சொர்ணலட்சுமிக்கு வியர்த்துவிட்டது. ரொம்ப நாள் வராத மாணவன், தொடர்ந்து கவனிக்கிறேன் என்றாள். அவருக்கு அது பிடித்துப்போனது. எல்லா வகுப்புக்கும் இப்படிச் செய்யலாமே என்று நிர்வாகக் கூட்டத்தில் காட்டப் படம் போட்டு வைத்துக்கொண்டார்.

அக்டோபர் மூன்றாம் தேதி மறுபடி இடி. முருகம்மாள் வந்தாள். எம்.புதுப்பட்டி விலக்கில், ஊருக்கு ரோடு பிரிகிற இடத்தில், எல்லாக் கம்பெனி வேனும் நின்றுதான் போகும் என்று யாரோ சொன்னார்களாம். இடி விழுகிற நாளெல்லாம் அங்கே வந்து நிற்பதாகச் சொல்லச் சொன்னாள். "இறங்க வேணாம். வேனுக்குள்ள இருந்து தலையை மட்டும் நீட்டுனாப் போதும்" என்றாள். அதையும் அனுப்பினார்கள். அனுப்பியவுடன் சேர்ந்தது. முருகம்மாள் ஓட்டமாக ஓடிப் பஸ்ஸைப் பிடித்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் வேன்கள் போயிருந்தன.

பதினைந்தாம் தேதி நெருங்க நெருங்க சொர்ணலட்சுமிக்குத் தூக்கம் போனது. பூஜை விடுமுறை இரண்டு நாள் வந்து தொலைத்தது. கணவர், "என்ன, ஆபீஸ்ல எதும் பிரச்சினையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

பத்தாம் தேதி ஒரு மெசேஜ், பதினொன்றாம் தேதி ஒன்று. பதினொன்றாம் தேதி மத்தியானம் பெரிய மழை.

பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மூன்றாம் வருஷக் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து பட்டியல் வந்தது. நாலு பெயர். முனியராஜ் இல்லை. எழுத மறந்திருப்பார்கள் என்று ஆளனுப்பிக் கேட்டாள். ஆள் திரும்பி வந்து, அவன் வகுப்பில் இருக்கிறான் என்றார். அவள் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்க வேண்டிய நேரம் கடந்து கால்மணி ஆகியிருந்தது.

பதினைந்தாம் தேதிப் பட்டியல் அவன் கையெழுத்தோடு போனது. அடுத்த இடி நாளில் முருகம்மாள் வந்தாள். கையில் ஒரு பழைய நோக்கியா போன். பதினொன்றாம் தேதி மழையில் புதுப்பட்டி விலக்கில் நின்றாளாம். ஒரு வேன் அவளைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்றதாம். அவன் இறங்கி நடந்து வந்தானாம். இரண்டு பேரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்களாம்.

"சாமியாட்டம் இருந்தீக டீச்சர்" என்று கும்பிட்டாள். பிறகு போனை நீட்டினாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு இதை எங்கிட்டக் குடுன்னு வாங்கியாந்தேன். இதுல என்னென்ன இருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க."

சொர்ணலட்சுமிக்கு வாய் உலர்ந்தது. "எதுக்குக்கா?"

"நான் சொன்னது ரெண்டே ரெண்டு. பதினாலு வச்சிருக்கான்."

வேறு வழியில்லை. வாசித்தாள். கையைக் கழுவுவது. கொசு. பரீட்சை. 'ஆறு பேப்பர்தானே முனியா, அது என்ன உன்னைவிடப் பெரிசா.' முருகம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். 'கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் நீயோ என்று பார்க்கிறேன்.' அடுத்ததை வாசிக்கும்போது சொர்ணலட்சுமிக்கே தன் முட்டாள்தனம் தெரிந்தது. 'மாடியில் துணி காயப் போடும்போது, உன் சட்டை ஒன்றும் இல்லாத கொடியைப் பார்த்து நின்றேன். கொடி வெறுமையாக இருந்தால் வீடே வெறுமையாக இருக்கிறது.'

"எங்க வீட்டுக்கு மாடி ஏது டீச்சர்?" என்றாள் முருகம்மாள். "காலனி வீடு. ஓட்டுக்கு மேல பூனைதான் ஏறும்."

சொர்ணலட்சுமி போனைத் திருப்பி நீட்டினாள்.

"அவனும் அதைத்தான் கேட்டான். 'எம்மா, இது நீயில்லன்னு மாடியப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆரும்மா இது?'ன்னான். எனக்கும் தெரியலேன்னு சொன்னேன்." குரலில் கோபம் இல்லை. "உங்களுக்குப் பிள்ளைக எத்தனை டீச்சர்?"

"இல்லக்கா."

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒருத்தி கேட்டிருக்கிறாள். முருகம்மாள் பொடிக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அவள் தோளில் வைத்தாள். எல்லாம் நடக்கும், கோயிலுக்குப் போங்க என்று ஒன்றும் சொல்லவில்லை. "மாடியில நின்னது நீங்கதானன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்றாள். "இன்னைக்கும் அவனுக்கு ஒண்ணு அனுப்புங்க. உங்க பேரைப் போட்டு."

"வந்துட்டவுங்களுக்கு இதுல அனுப்ப முடியாதுக்கா."

"அப்ப நேருல போயிப் பேசுங்க. அந்தா அந்தக் கட்டடத்துலதான இருக்கான்."

போனை அவளிடமே கொடுத்துவிட்டு, மகனிடம் சேர்க்கச் சொல்லி முருகம்மாள் போய்விட்டாள்.

ஒரு மணி அடித்தது. சொர்ணலட்சுமி போனை எடுத்துக்கொண்டு நடந்தாள். நூறடி தூரம் இருக்காது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தாள். நூற்று அறுபது எழுத்து என்ற கணக்கு இப்போது இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் நான் யார் என்று சொல்வது? பஸ் பாஸில் முத்திரை குத்துகிறவள் என்றா?

மூன்றாம் பெஞ்சில், ஜன்னலோரம், மெலிந்த ஒரு பையன் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவள் போனை நீட்டினாள். "உங்கம்மா கொடுத்துட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் வாங்கிக்கொண்டு, போனைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரும்பினாள்.

"சாப்பிட்டீகளா?" என்றான்.

மேடம் என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தது போலிருந்தது, சொல்லவில்லை. இல்லை என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். அழுகைதான் வந்தது. அவன் பதறவில்லை. தூக்குச்சட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.